கோத்தகிரி, 2003 குவாலிஸ் டீசல்: பெல் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டுகிறது. பின் கிராங்க் சீல்தானா?

கேள்வி: தேயிலைமேடு

வணக்கம். வண்டி 2003 மாடல் குவாலிஸ், 2446 சிசி டீசல். ஓடியது 2,30,000 கிலோமீட்டருக்கு மேல். கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். வீட்டு வாசல் நல்ல சரிவு, அதனால் வண்டி எப்போதும் முன்பக்கம் மேலே தூக்கியபடிதான் நிற்கும்.

கொஞ்ச நாளாக இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருமிடத்தை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே ஆயில் சொட்டுகிறது. இரவு நிறுத்தினால் காலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தரையில் கறை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறி வந்து நிறுத்தியதும் பானட் ஓரமாக ஆயில் கருகும் வாசம் வருகிறது. புகை எதுவும் தெரியவில்லை. 15டபிள்யூ-40 ஆயில் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் போலக் குறைகிறது. பிரேக், கிளட்ச் இரண்டிலும் இதுவரை குறையில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, "பின் கிராங்க் சீல் போயிருச்சு. கியர் பாக்ஸ் இறக்கணும், கூடவே கிளட்ச் செட்டும் மாத்திடலாம்" என்கிறார்கள். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் அந்தச் சீல். பெரிய செலவு. அதற்கு முன் வீட்டிலேயே எதைப் பார்க்கலாம், எதைச் சரி செய்யலாம்? ரிங் ஸ்பேனர், பாக்ஸ் செட், சின்ன டார்க் ரெஞ்ச், ஹைட்ராலிக் ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட் இருக்கின்றன. கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் ஒழுகல் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

குன்னூர்_டீசல்

அண்ணா, இப்போதைக்கு கியர் பாக்ஸை யாரும் தொட வேண்டாம். பெல் ஹவுசிங் அடியில சொட்டுது என்பதை மட்டும் வெச்சு பின் சீல் என்று முடிவு கட்ட முடியாது. உங்க வண்டி நிக்கிற விதமே அந்தச் சொட்டை அங்கே கொண்டு போகும். முன்பக்கம் மேலே இருந்தா, இன்ஜின் ஹெட்டை மேலே மூடற டேப்பட் கவரில் கசியற ஆயில் கவரோட விளிம்பு வழியா பின்னால ஓடி, ஹெட்டின் பின்முகம், பிளாக்கின் பின்முகம்னு இறங்கி, பெல் ஹவுசிங் மேல விழுந்து, அதன் அடியில தேங்கிச் சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு அது அச்சு அசலா பின் சீல் லீக் மாதிரியே தெரியும். ஓடும்போதும் ரேடியேட்டர் ஃபேன் காத்து எல்லாத்தையும் பின்னாலதான் தள்ளும். அதனால நனைஞ்ச இடங்களில் எது மேலே, எது முன்னாலே இருக்கோ அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

முதல் வேலை, கழுவுறது. இதைத் தள்ளிவிட்டுட்டு செய்யற எந்த வேலையும் குருட்டு வேலைதான். இன்ஜின் நல்லா ஆறினதும் பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்க. ஆல்டர்னேட்டர், டீசல் பம்ப் மேல இருக்கிற ஸ்டாப் சோலினாய்டு, ஹீட்டர் பிளக் ரிலே, ஏர் கிளீனர் வாய் இந்த நாலையும் பிளாஸ்டிக் பையால மூடிக் கட்டுங்க. டீசலோ மண்ணெண்ணெயோ ஒரு லிட்டர் எடுத்து, பெயின்ட் பிரஷ்ஷால மேலிருந்து கீழே தேய்ச்சு, பனியன் வேஸ்ட்டால துடைங்க. பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும். டைமிங் பெல்ட்டை மூடற டைமிங் கவர் பக்கம் எதையும் பீச்ச வேண்டாம், துணியால துடைச்சா போதும். பெல்ட்டுக்கு டீசலும் எதிரிதான். கடைசியா சோப்புத் தண்ணி தொட்டு துடைச்சு, வெயில்ல காய விடுங்க. மூட்டமான நாளில் இதைச் செய்தா ஈரம் காயவே காயாது, அப்புறம் எது தண்ணி எது ஆயில்னு தெரியாது.

காய்ஞ்சதும் சாதாரண முகப் பவுடரை டேப்பட் கவர் விளிம்பு முழுக்க, ஹெட்டின் பின்முகம், ஆல்டர்னேட்டர் அடிப்பக்கம், ஆயில் ஃபில்டர் சுற்றி, ஆயில் பிரஷர் சுவிட்ச் சுற்றி, பெல் ஹவுசிங் தோள்பட்டை இங்கெல்லாம் லேசா தூவுங்க. ஃபேன் பெல்ட் மேல படாம பார்த்துக்கோங்க. வண்டியை ஓட்டி, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்ததும் 15 நிமிஷம் ஐடிலில் விட்டு, டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளைப் பவுடரில் ஆயில் ஊறின இடம் கருத்த கோடா எழுந்து நிக்கும். கோட்டின் மேல் நுனிதான் லீக்.

பெல் ஹவுசிங்கில் ஒரு விஷயம் முடிவைச் சொல்லிடும். மேல் தோள்பட்டை நனைஞ்சிருந்தா ஆயில் மேலேயிருந்து வருது. மேலே பவுடர் அப்படியே காய்ஞ்சு கிடந்து, அடியில இருக்கிற துளை வழியா மட்டும் உள்ளேயிருந்து சொட்டினா, அப்போ பின் கிராங்க் சீல் அல்லது கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். இந்த ரெண்டையும் மூக்கால பிரிக்கலாம். விரலில் தொட்டு மோந்து பாருங்க. கியர் ஆயிலுக்கு கந்தக நெடி தூக்கலா இருக்கும், நிறம் பழுப்பா இருக்கும். டீசல் இன்ஜின் ஆயில் கன்னங்கரேல்னு இருக்கும், விரல் ரேகையில் கறை பிடிச்சுக்கும். டீசல் கசிவுன்னா மெலிசா, வழவழன்னு, வாசம் தனியா தெரியும்.

இன்னொண்ணு. ஒரு ராத்திரி மட்டும் வண்டியைத் திருப்பி, முன்பக்கம் கீழே இருக்கிற மாதிரி நிறுத்துங்க. அடியில ஒரு பெரிய அட்டையைப் போட்டு, முன் சக்கரம் இருக்கிற இடத்தை பேனாவால குறிச்சு வெச்சுக்கோங்க. சொட்டு இன்ஜினின் முன்பக்கத்துக்கு நகர்ந்துட்டா பின் சீல் மேல பழி இல்லை. ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வெச்சு நிறுத்துங்க, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆயில் அளவை உங்க வாசலில் வெச்சுப் பார்க்காதீங்க. சரிவில் ஆயில் கேஜ் காட்டுறது பொய். சமதரையில், இன்ஜினை நிறுத்தி 10 நிமிஷம் கழிச்சுப் பார்த்தாதான் கணக்கு. சரிவில் பார்த்துட்டு குறையுதுன்னு அளவுக்கு மேல ஊத்தினாலும் லீக் கூடும்.

தேயிலைமேடு

சொன்னபடி கழுவி, பவுடர் போட்டுப் பார்த்தேன் அண்ணா. டேப்பட் கவரின் பின் மூலையில் கருப்புக் கோடு கிளம்பி ஹெட்டின் பின்பக்கமாக இறங்குகிறது. பெல் ஹவுசிங் மேல் தோள்பட்டையும் நனைந்திருக்கிறது. வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது பின்னால் சொட்டு இல்லை, ஃபேனுக்குப் பக்கத்தில் ஓரமாகச் சில சொட்டுகள் இருந்தன. மோந்து பார்த்ததில் கந்தக நெடி இல்லை.

ஆல்டர்னேட்டரின் பின்புறமும் ஈரம். அங்கே ஒரு தடித்த ரப்பர் குழாய் இறங்குகிறது. அதன் முனை விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது, கிளிப்பை ஒட்டி மெல்லிய வெடிப்புகள்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் அதன் உட்புறம் வெளிர்மஞ்சளாக, வெண்ணெய் போல ஏதோ ஒட்டியிருக்கிறது. டேப்பட் கவரிலிருந்து போகும் பிரீதர் குழாயிலும் அதேதான். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டதா என்று பயமாக இருக்கிறது.

மூடுபனி_மெக்கானிக்

கூலண்ட் குறைகிறதா என்று முதலில் பாருங்கள். ரிசர்வ் பாட்டிலில் அளவு குறையாமல், ஆயில் கேஜில் வரும் ஆயில் சுத்தக் கருப்பாக இருந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கேஜ் கம்பியிலேயே காபியில் பால் கலந்த நிறம் தெரிந்தால்தான் கூலண்ட் உள்ளே போகிறது என்று பொருள். மூடியிலும் பிரீதரிலும் மட்டும் இருக்கும் வெண்ணெய் வெறும் நீராவி. கோத்தகிரி, குன்னூர், ஊட்டி மூன்றிலும் டீசல் வண்டிகளில் இது சகஜம். இன்ஜினுக்குள் வரும் எரிந்த வாயுவில் ஈரம் இருக்கிறது. கடைக்கும் பள்ளிக்கும் என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்கு முன்பே இன்ஜின் ஆறிவிடும். அந்த ஈரம் குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு கலந்து குழம்பாகிறது.

ஆனால் உங்கள் லீக்குக்கு இதுவே ஆரம்பமாக இருக்கலாம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் வாயு எந்த இன்ஜினிலும் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற ஒரே வழி பிரீதர். அந்தக் குழாய் குழம்பால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை எந்தச் சந்து கிடைத்தாலும் வெளியே தள்ளும். 20 வருஷம் ஆன ரப்பர் பேக்கிங் முதலில் விட்டுக்கொடுக்கும், அடுத்தது கேம் சீல், கிராங்க் சீல். பிரீதரைச் சரி செய்யாமல் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் புதுப் பேக்கிங்கும் சீக்கிரமே நனையும். மலையில் லீக் திரும்பத் திரும்ப வரும் வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஒரு குழாயை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

குழாயை இரண்டு முனையிலும் கழற்றி, டீசலில் ஊற வைத்து, பாட்டில் பிரஷ் விட்டுக் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று தடையின்றிப் போக வேண்டும். குழாய் ஊறி உப்பியிருந்தாலோ, உள் தோல் உரிந்திருந்தாலோ புதிது போடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ் துண்டு போட வேண்டாம். அந்த ரப்பர் ஆயிலில் ஊறி நொதநொதவென்று ஆகிவிடும், உள்ளே மடங்கி மறுபடி அடைக்கும். ஆயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். குழாய் சேரும் முனைகள் இரண்டையும், இன்டேக் பக்கத்துத் துளையையும் துணி சுற்றிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு உள்ளே விழக் கூடாது.

பிறகு இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாகத் துளையின் மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் ரிங்குகள் நல்ல நிலை. தூக்கித் தூக்கி எறிந்தால், கூடவே புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், போர் தேய்மானம். அப்படியானால் எந்தப் பேக்கிங்கும் அதிக நாள் தாங்காது, கம்ப்ரஷன் பார்த்துத்தான் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டும். சோதனைக்கு முன் பிரீதர் சுத்தமாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் நல்ல இன்ஜினும் மோசமாகத் தெரியும்.

இன்ஜின் சூடாகும்வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓவர்ஹீட் என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மூரில் நிறைய. சமவெளியில் அது எப்படியோ ஓடிவிடும். 1,800 மீட்டர் உயரத்தில், டிசம்பர் குளிரில், தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் இன்ஜின் சூடாகவே சூடாகாது. வெண்ணெய் படிவதும் நிற்காது, டீசல் செலவும் கூடும். மீட்டரில் முள் கால்வாசியிலேயே நின்றால் சந்தேகப்படுங்கள். வாரம் ஒரு முறையாவது இறங்கி ஏறும் நீண்ட ஓட்டம் கொடுங்கள், ஈரம் ஆவியாகிப் போய்விடும்.

பழைய_ஸ்பேனர்

தம்பி, டேப்பட் கவர் பேக்கிங் மாற்றுவது வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. அரை நாள் ஒதுக்குங்கள். அவசரமாகச் செய்தால்தான் கெடும்.

வாங்க வேண்டியவை: ரப்பர் டேப்பட் கவர் பேக்கிங், கவர் நட்டுகளுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர் முழு செட், ஹெட்டின் முனையில் கேம்ஷாஃப்ட் நேருக்கு உட்காரும் அரைவட்ட ரப்பர், சின்ன ட்யூப் ஆர்டிவி சிலிக்கான் (அனபாண்ட் போன்றது). பேக்கிங்கை மட்டும் வாங்கிவந்து பழைய வாஷரையே போடுவதுதான் பலர் கோட்டை விடும் இடம். வாஷர் கெட்டியாகிவிட்டால் நட்டு இறுகியதாகக் கைக்குத் தெரியும், ஆனால் கவரை அது அமுக்காது. வாங்கும்போது புதுப் பேக்கிங்கை மடித்துப் பாருங்கள். வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது அலமாரியிலேயே கிழடாகிப் போன சரக்கு, வேறு கேளுங்கள். மலையில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூரில் கிடைக்கும். இன்ஜின் 2எல் என்று சொல்லிக் கேளுங்கள்.

இன்ஜின் கை வைக்கும் சூட்டுக்கும் கீழே ஆற வேண்டும். கழற்றும் முன் கவர் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்து எடுங்கள், கவரைத் தூக்கியதும் அது நேராக கேம் மேலேதான் விழும். பிரீதர் குழாய், குறுக்கே போகும் ஒயர், ஹோஸ் எல்லாம் கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகாமல், ஓரங்களிலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். ரப்பர் சுத்தி அல்லது மரக்கட்டையால் பக்கவாட்டில் தட்டுங்கள். நெம்பின இடத்தில் விழும் கீறல்தான் நாளைக்கு அடுத்த லீக்.

பழைய பேக்கிங் கையோடு வந்துவிடும், ஆனால் துண்டுகள் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுங்கள். எமரி பேப்பர் போடவே வேண்டாம். அந்தத் துகள் ஆயிலில் கலந்தால் பேரிங்குகளைத் தின்றுவிடும். ஹெட்டில் உள்ள ஆயில் வடிகால் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு வேலை செய்யுங்கள். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணி, மூடும் முன் அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணுங்கள். கடைசியாகத் தின்னர் தொட்ட துணியால் இரண்டு விளிம்பையும் துடைத்து, துளி ஆயில் இல்லாமல் உலர விடுங்கள். கவர் விளிம்பின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முன்பு யாராவது முரட்டுத்தனமாக முறுக்கியிருந்தால் போல்ட் இருக்கும் இடம் மட்டும் குழிந்திருக்கும். தகடு என்றால் மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி மட்டமாக்கலாம்.

ரப்பர் பேக்கிங்குக்கு முழுக்க சிலிக்கான் பூசுவது தவறு. வழுக்கிக்கொண்டு பேக்கிங் இடம் மாறிவிடும். சிலிக்கான் தேவைப்படுவது மூலைகளுக்கு மட்டும்: அரைவட்ட ரப்பரின் இரண்டு நுனி ஹெட்டோடு சேருமிடம், முன்பக்க கேம் பேரிங் மூடி ஹெட்டில் உட்காரும் கோடு. அங்கே அரிசி அளவுக்கு ஒரு பொட்டு போதும். உங்கள் பின் மூலை லீக் அநேகமாக இந்த அரைவட்ட ரப்பரின் நுனியில்தான். அதிகமாக வைத்தால் வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும். காய்ந்து பிய்ந்த அந்தத் துண்டு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கி, ஆயில் பம்பின் வலையில் போய் ஒட்டும். ஆயில் லைட் எரியும்போது காரணம் யாருக்கும் புரியாது. சிலிக்கான் வைத்து 5 நிமிடத்துக்குள் கவரை உட்கார வைத்துவிடுங்கள், தோல் கட்டிய பிறகு வைத்தால் பிடிக்காது.

முறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக. 10 எம்எம் ஸ்பேனர் போகும் எம்6 மரைக்கு 8 நியூட்டன் மீட்டர் அளவு போதும். டார்க் ரெஞ்ச் அவ்வளவு கீழே காட்டாவிட்டால், சின்ன ராட்செட்டை நுனியில் பிடிக்காமல் தலைப்பக்கம் பிடித்து, மணிக்கட்டு பலத்தில் மட்டும் முறுக்கி நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினால் மரை கழன்றுவரும், அல்லது பேக்கிங் நசுங்கிப் பிதுங்கி, லீக் முன்னைவிடக் கூடும். ஒரு இரவு காயவிட்டு மறுநாள் ஸ்டார்ட் செய்யுங்கள்.

குன்னூர்_டீசல்

மேலே பெரியவர் சொன்னதுக்கு மேல டேப்பட் கவரில் சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா அண்ணா, எனக்கு அதைவிட அந்த ஆல்டர்னேட்டர் குழாய்தான் அவசரமாப் படுது. டேப்பட் கவர் இன்னும் ஒரு மாசம் ஒழுகினாலும் ஆயில் ஊத்திச் சமாளிக்கலாம். இது பிரேக் சமாச்சாரம்.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் மாதிரி இன்டேக்கில் வேக்யூம் கிடைக்காது. அதனால பெடல் மிதியை லேசாக்கற பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் கொடுக்க ஆல்டர்னேட்டர் முதுகிலேயே ஒரு பம்ப் வெச்சிருக்காங்க. அதுக்கு மூணு இணைப்பு. மெல்லிய குழாய் வழியா இன்ஜின் ஆயில் அழுத்தத்தோட உள்ளே போகும். நீங்க சொன்ன தடித்த குழாய் வழியா அந்த ஆயில் கீழே இன்ஜினுக்குத் திரும்பும். மூணாவது, பூஸ்டருக்குப் போற வேக்யூம் ஹோஸ். தடித்த குழாய் வெடிச்சா ஆயில் மெல்லக் கசியும். உள்ளே வர்ற மெல்லிய குழாய் விட்டா கதையே வேற, அது அழுத்தத்தில் இருக்கிற ஆயில். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் காலியாகிடும், பம்பும் காய்ஞ்சு போகும், பிரேக் பெடல் கட்டையாகும். 1,400 மீட்டருக்கு மேல இறங்கி மேட்டுப்பாளையம் போற பாதையில் அது நடக்கக் கூடாது.

திரும்பும் குழாயை மாத்துறது சுலபம். கிளிப்பைத் தள்ளிட்டு, பழைய ஹோஸை இழுக்காம, பிளேடால நீளவாக்கில் கீறி உரிச்சு எடுங்க. இழுத்தா பம்போட முனை வளையும். உள்விட்டம் அதே அளவில் ஆயில் தாங்கும் ஹோஸ், புது கிளிப் ரெண்டு. நீளம் பழையதே இருக்கட்டும், தொங்கல் இருந்தா ஆயில் தேங்கும், மடிப்பு விழுந்தா ஆயில் திரும்பாம பம்பில் நிறைஞ்சு சீலைத் தள்ளிட்டு ஆல்டர்னேட்டருக்குள்ளேயே இறங்கிடும். உள்ளே வர்ற குழாயைப் பிடிக்கிற, நடுவில் துளை உள்ள பேஞ்சோ போல்ட்டைத் தொட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் இருக்கிற வாஷர் புதுசா போடணும், நசுங்கின பழைய வாஷர் மறுபடி பிடிக்காது.

மாத்தின பிறகும் ஆல்டர்னேட்டரின் பின்மூடித் துளைகள் வழியா ஆயில் வந்தா, பம்புக்கும் ஆல்டர்னேட்டருக்கும் நடுவில் இருக்கிற ஷாஃப்ட் சீல் போயிருக்கு. அதை ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுத்துடுங்க. கார்பன் பிரஷ்ஷில் ஆயில் ஊறினா சார்ஜும் நிக்கும்.

வேலை முடிஞ்சதும் பிரேக்கைச் சோதிச்சுட்டுத்தான் ரோட்டில் எடுக்கணும். இன்ஜின் ஆஃபில் பெடலை அஞ்சாறு தடவை மிதிங்க, கட்டையாகும். மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கணும். இறங்கலைன்னா வேக்யூம் வரலை. ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு, ஆஃப் பண்ணி, ரெண்டு நிமிஷம் கழிச்சு மிதிங்க. முதல் மிதி மெதுவா இருக்கணும். முதல் மிதியே கட்டைன்னா ஹோஸில் இருக்கிற ஒருவழி வால்வோ பூஸ்டரோ காத்தை விடுது.

மூடுபனி_மெக்கானிக்

20டபிள்யூ-50 பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஊட்டியில் உறைபனி விழும் காலையில், கோத்தகிரியிலும் குளிர் மாதங்களில், கெட்டி ஆயில் கேம் வரை ஏற அதிக நேரம் எடுக்கும். அந்தச் சில நொடிகளில்தான் தேய்மானம் அதிகம். இறுகிப்போன ரப்பரை எந்த ஆயிலும் இளக வைக்காது, சொட்டு கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவே. சிஎச்-4 அல்லது சிஐ-4 தரத்தில் 15டபிள்யூ-40 போதும். லீக் நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பவை ரப்பரை ஊதிப் பெருக்க வைக்கின்றன. கொஞ்ச காலம் நிற்பதுபோல் தெரியும், பிறகு ரப்பர் கொழகொழவென்று ஆகி, நன்றாக இருந்த சீல்களும் சேர்ந்து ஒழுகும்.

வண்டியைத் திருப்பியபோது ஃபேன் பக்கத்தில் சொட்டியது டேப்பட் கவரிலிருந்தா, ஆல்டர்னேட்டரிலிருந்தா, அல்லது டைமிங் கவருக்கு உள்ளேயிருந்தா என்று பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு வேலையும் முடிந்து கழுவிய பின் டைமிங் கவரின் அடி விளிம்பில் விரல் வைத்துப் பாருங்கள். அங்கே ஆயில் இருந்தால் கேம் சீல் அல்லது முன் கிராங்க் சீல், டீசல் இருந்தால் டீசல் பம்ப் ஷாஃப்ட் சீல். குறைந்த கந்தக டீசலுக்கு மாறிய பிறகு பழைய பம்புகளின் ரப்பர் சுருங்கிக் கசிவது தெரிந்த விஷயம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்கக் கிடைப்பது 10 பிபிஎம் கந்தகம் உள்ள பிஎஸ்6 டீசல். எதுவானாலும் அந்த ஈரம் டைமிங் பெல்ட்டில் படும். ஆயில் குடித்த பெல்ட் ஊறி, பல் பிய்ந்து, ஒரு நாள் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டே போய்விடும். ஆகவே அங்கே ஈரம் தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். கேம் சீல், முன் கிராங்க் சீல், பெல்ட், டென்ஷனர் பேரிங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்லுங்கள். கிராங்க் புல்லி போல்ட் முரட்டு இறுக்கம், டைமிங் குறியும் பிசகக் கூடாது, அதனால் இது வீட்டு வேலை இல்லை. மாற்றுபவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: பழைய சீல் ஷாஃப்ட்டில் பள்ளம் போட்டிருந்தால் புதுச் சீலை ஒன்றரை மில்லிமீட்டர் முன்னே பின்னே தள்ளி உட்கார வைக்கட்டும், உதடு தேயாத இடத்தில் ஓடும்.

பின் சீல் உண்மையிலேயே போயிருந்தால் கிளட்ச் காட்டிக்கொடுக்கும். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டர் மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. அதுவரை பெல் ஹவுசிங்கைத் திறக்கக் காரணமில்லை.

அடியில் போகும்போதே பின் சக்கரங்களின் உட்புறத்தையும் ஒரு முறை பாருங்கள். டயர் சுவரிலோ டிரம் தகட்டிலோ ஈரம் ஒழுகியிருந்தால் அது பிரேக் ஆயில் அல்லது ஆக்ஸில் சீல் வழியாக வரும் கிரவுன் ஆயில் (பின் ஆக்ஸிலின் கியர் ஆயில்). இரண்டும் பிரேக் ஷூவை நனைக்கும். ஆக்ஸில் ஹவுசிங் மேலே சின்ன மூடி போட்ட காற்றுத் துளை இருக்கும். மண் அடைத்து அது மூடிக்கொண்டால், இறக்கத்தில் சூடேறி அழுத்தம் கூடி சீல் வழியாக ஆயில் வரும். துளையைச் சுத்தம் செய்வது உங்கள் வேலை. சீல் மாற்றுவது ஒர்க்‌ஷாப் வேலை, பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்துத்தான் எடுக்க முடியும்.

தேயிலைமேடு

ரொம்ப நன்றி. பிரீதரும் ஆல்டர்னேட்டர் குழாயும் முதலில், டேப்பட் கவர் அடுத்து என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். வாசல் சரிவிலேயே ஜாக்கி போட்டு அடியில் போகலாமா? புதுப் பேக்கிங்கை சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி முறுக்க வேண்டுமா?

பழைய_ஸ்பேனர்

சரிவில் ஜாக்கி கூடவே கூடாது தம்பி. சக்கரம் ஒன்று தரையை விட்டதும் வண்டி உருளும், ஸ்டாண்டும் சாயும். சமமான சிமென்ட் தரை எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள். முதல் கியர், ஹேண்ட் பிரேக், பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை, சேஸிஸ் அடியில் இரண்டு ஸ்டாண்ட். அடியில் போகும் முன் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள். மேலே செய்யும் வேலைகளுக்கு வண்டியைத் தூக்கவே தேவையில்லை.

ரப்பர் பேக்கிங்கை மறுபடி முறுக்க வேண்டாம். பழைய கார்க் பேக்கிங்குக்குத்தான் அந்தப் பழக்கம். 200 கிலோமீட்டர் ஓடியதும் பின் மூலையை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் விட்டுவிடுங்கள். கறை வந்தால் நட்டில் கை வைக்காமல், கவரைத் தூக்கி அரைவட்ட ரப்பரின் நுனியைப் பாருங்கள்.

கழுவிய டீசல், ஆயில் துணி எதையும் தோட்டத்து ஓரத்திலோ ஓடையிலோ கொட்ட வேண்டாம். நம் பக்கத்து ஓடைகளில் நிறைய பவானியில்தான் சேர்கின்றன, அதே தண்ணீர் கீழே குடிநீர். பழைய ஆயில் கேனிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். ஆயில் நனைந்த துணிகளைக் குவித்து ஷெட்டில் போட்டு வைக்காதீர்கள், விரித்துக் காயவைத்துத் தகர டப்பாவில் மூடி வையுங்கள்.